வாணலியில் விழுந்த சிக்னல்

"இன்னாடா கண்ணு, காலைலயே பேஜார் பண்ற?" என்று கேட்டபடி சிபியூவின் தலையில் இரண்டு தட்டு தட்டுகிறார் சுந்தரவல்லி. மனிதர்கள் எல்லோருக்கும் 'நீங்க'. கம்ப்யூட்டருக்கு மட்டும் 'வாடா, போடா'. பொத்தேரி ஸ்டேஷன் அருகே, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறும் இந்த வசவுக்குப் பழகியவை.

ஆறிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். "பசங்க பென் டிரைவ்ல இன்னா இன்னாத்த ஏத்தினு வர்றாங்கன்னே தெரில சார். வாரத்துக்கு ஒருவாட்டி எல்லாம் படுத்துகிச்சி." காட்டாங்குளத்தூர் கல்லூரி மாணவர் ஒருவர் கொடுத்த சிடியைப் போட்டு, மீதியைத் தானே கற்றுக்கொண்டார். கட்டளைகளை ஒரு நீள நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். முக்கியமான வேலை எதையும் 'சூடோ' என்று முன்னால் போட்டால்தான் லினக்ஸ் செய்யும். அவர் நோட்டில் அது 'சூடு'. "சூடு போட்டாதான் கேக்கும்" என்பார், சிரிக்காமல்.

போன மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள், ரோடு தோண்டியவர்கள் அவர் கடையின் போன் கேபிளை அறுத்துவிட்டார்கள். சரிசெய்ய ஒரு வாரம் ஆகுமாம். எதிர்ப்பக்கம் மெஸ் நடத்தும் குப்புராஜின் கேபிள் மட்டும் தப்பித்திருந்தது; அவரிடம் வைஃபையும் இருந்தது. "எடுத்துக்கோம்மா" என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். சாயங்காலமே தாம்பரம் போய், விரல் நீளத்தில் யூஎஸ்பி வயர்லெஸ் அடாப்டர் ஒன்றை வாங்கிவந்தார் சுந்தரவல்லி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கட்டுரை ஒன்றைப் பிரிண்ட் எடுக்க நான் போனபோது அடாப்டர் செருகியிருந்தது, விளக்குதான் எரியவில்லை. பத்து மணிக்கு ரிசல்ட். வாசலில் அதற்குள் பதினைந்து பேர்.

அவர் ஒரு கட்டளை அடித்தார். அடாப்டரின் பெயர் திரையில் வந்தது. "பேரு தெரியுது சார், வேலை தெரியல. டிரைவர் சாஃப்ட்வேர் வேணும்."

"இறக்கிக்கலாமே?"

"இறக்க நெட்டு வேணும். நெட்டுக்கு டிரைவர் வேணும்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்து முடிக்கும்போது மணி எட்டே கால்.

அடாப்டர் பெட்டியோடு வந்த சிடியில் இருந்தது விண்டோஸுக்கான டிரைவர். ஆனால் அதை லினக்ஸில் ஓட்டுவதற்கென்றே ஒரு நிரல் உண்டு; அது பழைய லினக்ஸ் சிடியிலேயே இருந்தது. நோட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். விளக்கு எரியவில்லை. மறுபடி ஏற்றினார். அப்போதும் இல்லை. ஒன்பது மணிக்கு, திரையில் ஓடிய வரிகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இதோ, ஏற்கெனவே ஒருத்தன் உள்ள போய் உக்காந்துகினு கீறான் சார். அரைகுறை டிரைவரு. இவன எழுப்புனாதான் நம்மாளு உக்கார முடியும்."

எழுப்பினார். சூடு போட்டுத்தான். அடாப்டரைப் பிடுங்கிச் செருகியதும் பச்சை விளக்கு மினுக் மினுக் என்றது. வாசலில் கைதட்டினார்கள்.

ஆனால் சிக்னல் ஒரே ஒரு கோடு. ரோட்டில் பஸ் போனால் அதுவும் போனது. சுந்தரவல்லி பின்பக்கம் வீட்டுக்குள் ஓடி, அப்பளம் பொரிக்கும் வாணலியோடு திரும்பினார். நீள யூஎஸ்பி ஒயரில் அடாப்டரை மாட்டி, வாணலிக்கு நடுவே தொங்கும்படி செல்லோடேப் ஒட்டி, ஸ்டூலில் ஏறி, குப்புராஜின் மெஸ்ஸைப் பார்த்துத் திருப்பினார். "டிவி டிஷ் இருக்குல்ல, அது மாதிரிதான். கொஞ்சம் எண்ணெய் வாசனை வரும், அவ்ளோதான்."

மூன்று கோடு.

எதிர்ப்பக்கத்திலிருந்து குப்புராஜ், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கரண்டியை ஆட்டினார்.

பத்து மணியிலிருந்து அந்த ஒரே கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நம்பராக அடித்து, பஸ் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் படித்தார். "வெண்ணிலா, மார்க்கு ஆயிரத்து நாப்பத்தி ரெண்டு. பென்னி, பாஸு. அழாதீங்க, பாஸுன்றேன்." பாஸான ஒருவரின் அம்மா சுந்தரவல்லிக்கு ஊட்டிய லட்டு வாயில் இருக்கும்போதே அடுத்த நம்பர்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, யாருடைய சீட்டையும் பார்க்காமல் ஒரு நம்பரை அடித்தார். பக்கம் திறக்க மறுத்து வெள்ளையாகவே நின்றது. அதே நம்பரை, ஒவ்வோர் எண்ணாக நிதானமாக, மறுபடி அடித்தார். பிறகு பெயர் வந்தது: சுந்தரவல்லி கே., தனித்தேர்வர்.

"பத்தொம்பது வருசம் கழிச்சி எழுதுனேன் சார்" என்றார் என் பக்கம் திரும்பாமல். "வூட்ல கூட சொல்லல." எல்லாப் பாடத்திலும் பாஸ். அக்கவுண்டன்சியில் மட்டும் பாஸ் மார்க்கான எழுபதுக்கு மேல் ஒரே ஒரு மார்க். "ஒண்ணு எக்ஸ்ட்ராவே குடுத்துகிறாங்க."

பிரிண்ட் கொடுத்தார். தாள் முழுவதும் வெளியே வருவதற்குள் பிடித்து இழுத்துவிட்டார். அடுத்தவர் வாசலில் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரவல்லி தாளை இரண்டு கைகளிலும் ஏந்தி, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே நின்றார்.