குளக்கட்டை வெட்ட மறுத்தவர்

பழங்கால மண்மேடுகளில் அனுமதியின்றி மண்வெட்டி படக்கூடாது என்பது டென்மார்க்கின் சட்டம். அதைக் காக்க வேண்டிய நகரசபையே, தென் யூலண்டில் ரோமப் பேரரசின் காலத்தில் எழுப்பிய எல்லை அரணைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதிக்கச் சொன்னது.

மறுத்தவர் ஒருவர்தான்; மண் வெட்டும் இயந்திரம் ஓட்டிய, இலங்கையின் வன்னியிலிருந்து வந்த விவசாயப் பகுதிக்காரர். கறுத்து, கட்டையான மனிதர். இயந்திரத்தை இயக்குமுன் இறங்கி நிலத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் நடந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். உடனே வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

நான் ஊரில் கச்சேரி என்னும் அரச செயலகத்தில், காணிப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்று டென்மார்க்குக்கு வந்தவன். என்னிடம் மனு எழுதுவிக்க வந்தார்.

“சட்டம் தெரிஞ்சே மறுத்தனீர்?”

“என்ன சட்டம் ஐயா? ஆரும் குளக்கட்டை வெட்டுவினமே? தண்ணி எந்தப் பக்கம் நிக்குமெண்டு கேட்டன், சிரிக்கிறாங்கள்.”

“அது குளக்கட்டில்லை. பகைவரை மறிக்கக் கட்டின அரண்.”

“அப்ப பகைவர் எந்தப் பக்கம் நிண்டவை?”

எனக்கு இன்றும் தெரியாது.

அதற்குள் வேறொருவர் அரணை வெட்டி முடித்திருந்தார். வேலையைத் திருப்பிக் கேட்டு, சட்டப் பிரிவைக் காட்டி நகரசபைக்கு எழுதினேன், நினைவூட்டல்களும் அனுப்பினேன். அவர் மறுத்தது சரியே, ஆனால் அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று என்ற பதில், குழாயின் மேல் புல் முளைத்த பிறகு வந்தது. திகதி, மே மாதம் முதலாம் நாள், தொழிலாளர் தினம்.