மூணு ரன் கொடுத்த அம்பயர்

இன்று அரியலூர் பஸ்ஸில் தலை நரைத்த ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்ததும் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, அன்னிக்கு நான் அடிச்சது நாலு ரன்னுங்க."

குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன். எண்பதுகளில் ரஞ்சன்குடி கிரிக்கெட் டீமுக்கு இவர்தான் கேப்டன்.

கீழப்பழுவூரில் ஆட்டம். ஸ்கோர் எழுத அப்போது எனக்கு எழுத்து தெரியாது, அதனால் அம்பயராக நிறுத்தினார்கள்.

ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் ரஞ்சன்குடிக்காரர்கள் ஊர் திரும்ப வழியில்லை. அதற்கு முன் ஆடிய இரண்டு ஆட்டமும் சண்டையிலேயே பாதியில் நின்றுபோயின. இதையாவது முடிக்க வேண்டும் என்று மடியில் வேறொரு பந்து வைத்திருந்தேன். தொலைந்த பந்தை யாரும் தேடக்கூடாது. அடுத்து ஆடுகிறவன் எல்லைக்கோட்டில் தயாராக நிற்க வேண்டும். இதுதான் நான் போட்ட சட்டம்.

கடைசி ஓவரில் இவர் அடித்த பந்து முள்ளுக்குள் போனது. இவர் நாலு என்றார். எதிரணி ரெண்டு என்றது.

"மூணு. பந்தைப் போடுப்பா" என்றேன்.

இவர்கள் ஒரே ரன்னில் தோற்றார்கள். பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

"இன்னுமா ஆறல தம்பி?" என்று கேட்டேன்.

"ஆறலைங்க. ஆனா நாங்க முழுசா ஆடி முடிச்ச மொத ஆட்டம் அதுதான். ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல எங்கூரு பசங்க ஆடுறானுங்க. பந்துக்குப் பந்து பஞ்சாயத்து. நீங்க வந்து நிக்கணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆட வருகிறவர்கள், சண்டை ஏதும் இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டிலேயே போட்டு முடித்துவிட்டு வாருங்கள்.