கிட்டங்கியில் இருட்டுக் கண்ணாடி சோதித்த நாள்

யாங்கோனை ஒட்டிய இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு முதலில் இருட்டில்தான் கண் போயிற்று. பகலில் ஊசியில் நூல் கோப்பார். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் சுவரைத் தடவுவார். பிறகு பகலிலும் ஓரங்கள் மறைந்து, நேர் எதிரில் இருப்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் அதுவும் போயிற்று. பட்டறையிலிருந்து அவரைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பை லபெயே குடித்துவிட்டுப் போனார்கள். அத்தனை வருட உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அந்தத் தேநீர்தான், அதுவும் எங்கள் வீட்டுத் தேநீர்.

அந்த நோய் எனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரே மகள். அவளுக்கு மட்டும் வராமல் இருந்தால் போதும். கோயிலுக்குப் போனாலும் வேறு எதையும் நான் கேட்டதில்லை.

வராது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. என் மனைவி என் சொந்த அக்காளின் மகள். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்ட பிறகு, யாங்கோனில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் வீடுகள் குறைந்துவிட்டன. அக்காள் மகள் இருக்க வெளியில் ஏன் தேடுகிறாய் என்றார்கள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, மாலை மாற்றியாயிற்றா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகும் அந்தப் பந்தலில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குந்தான். அப்பாவின் ரத்தம் இரண்டு பக்கமும் ஓடுகிற வீட்டில் பிறந்தவள் என் மகள்.

எனக்கு ஆற்றங்கரையில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் வேலை. முதலாளி தமிழ் முஸ்லிம். அவருடைய பாட்டனார் காலத்தில் கடல் தாண்டி வந்து வியாபாரத்தில் ஊன்றிய குடும்பம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். உளுந்தும் துவரையும் கூரை வரை அடுக்கியிருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே பெருச்சாளிகள் குடும்பம் குட்டியோடு குடியிருந்தன. நஞ்சு வைத்தால் மூட்டைக்குள் போய்ச் செத்துச் சரக்கையே நாறடித்துவிடும். மூட்டை தூக்கும் பர்மியர்கள் உயிர்க்கொலை செய்யமாட்டார்கள். கூண்டில் பிடித்ததை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு, புண்ணியம் சேர்ந்த முகத்தோடு திரும்புவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பெருச்சாளி உள்ளே வந்திருக்கும். என் மனைவியோ பிள்ளையார் வாகனத்தைக் கொல்லாதீர்கள் என்று வாரா வாரம் வெள்ளிக்கிழமை சண்டை பிடிப்பாள். ஆக, எல்லோருடைய பாவத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அது நான்.

பாயிடம் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே சுருள்வில் ஏறும், சின்ன ஈய ரவை ஒன்றைப் போட்டுச் சுடவேண்டும். ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலத்து யாங்கோனில் துப்பாக்கி என்ற சொல்லை வாயால் சொல்லவே பயம். வட்டார அலுவலகத்தில் பாய் சொல்லி வைத்திருந்தார், ஆனாலும் நாங்கள் அதைக் குழாய் என்றுதான் சொல்வோம். குழாயை எடுத்துட்டு வா, குழாய்க்கு எண்ணெய் போடு. வெளியில் நின்று கேட்பவன் எங்களைத் தண்ணீர்க்குழாய் ரிப்பேர் செய்பவர்கள் என்று நினைத்திருப்பான்.

சில வருடங்கள் நன்றாகவே சுட்டேன். அதற்கு மேல் குறி தப்ப ஆரம்பித்தது. பெருச்சாளி மிரளாதபடி டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டி அடுக்குகளுக்கு நடுவில் உட்காருவேன். மூட்டைக்காரர்களின் தலைவர், வயதான பர்மியர், என் பக்கத்தில் குந்தியிருப்பார். சுடமாட்டார், ஆனால் காட்டிக்கொடுப்பார். அதில் பாவமில்லை போலும்.

“அதோ சயா, மூட்டை மேலே. வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு” என்று பர்மிய மொழியில் கிசுகிசுப்பார். சயா என்பது அங்கே மரியாதைச் சொல். எனக்கு மூட்டையே தெரியாது. அவர் விரல் காட்டிய பக்கம் சுடுவேன். உளுந்து கொட்டும் சத்தம் கேட்கும்.

நான் துப்பாக்கியைக் குற்றம் சொன்னேன். ரவை சரியில்லை என்றேன். டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு ரவையாகக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி, கோணலாக ஓடுவதையெல்லாம் தள்ளினேன். பிறகு காற்றை அடைக்கும் தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்றேன். செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு மாற்றினேன். குறிபார்க்க மேலே பூட்டியிருந்த ஸ்கோப்பின் திருகு ஆடுகிறது என்று அதற்கும் நூல் சுற்றி இறுக்கினேன். ஒவ்வொன்றை மாற்றிய பிறகும், பகலில் கதவைத் திறந்து வைத்து, துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்து, பிஸ்கட் டின் மூடியில் சுட்டுப் பார்ப்பேன். ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே இடத்தில் விழும். பாய் முதுகில் தட்டுவார். அந்த மூடியில் ரவை சிதறி விழுந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். துப்பாக்கியில் குறை சொல்ல இனி எதுவும் மிச்சமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கப்பலில் வேலை பார்த்த பாயின் மருமகன் ஏதோ துறைமுகத்தில் பழைய சாமான் கடையிலிருந்து இருட்டில் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். கனமான கறுப்புக் குழல். முடுக்கினால் கொசு மாதிரி மெல்ல ரீங்கரிக்கும். உள்ளே எல்லாம் பச்சையாகத் தெரியும். நாங்கள் அதற்கு இருட்டுக் கண்ணாடி என்று பெயர் வைத்தோம். அதைத் துப்பாக்கியில் பூட்ட ஒரு பிடி செய்து வாங்கினேன். ஒரே நிபந்தனை, ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் பகல் வெளிச்சம் விழக்கூடாது. விழுந்தால் உள்ளே கெட்டுப்போகும், இன்னொன்று வாங்கித் தர முடியாது என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சோதிப்பதற்கு ராத்திரி வரை பாய்க்குப் பொறுமையில்லை. ஒரு மத்தியானம் மீ போயிருந்தது. மின்சாரத்தை நாங்கள் பர்மியரைப் போல மீ என்றுதான் சொல்வோம், அது இருந்த நேரத்தைவிடப் போயிருந்த நேரமே அதிகம். கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் காலிச் சாக்கைத் திணித்தோம். கிட்டங்கி இருண்டது. எனக்கு முழுசாக இருண்டது.

முதலில் பாய் பார்த்தார். “என்ன தம்பி இது, பாசி புடிச்ச குளத்துக்குள்ள பாத்த மாதிரில இருக்கு. ஓரமெல்லாம் மங்கலு. இதுக்கு என் கண்ணே தேவல” என்றார். அடுத்து மூட்டைக்காரர் தலைவர் பார்த்தார். சிரித்துவிட்டு, இது இல்லாமலே அந்த எலியெல்லாம் தெரியுதே சயா, இது எதுக்கு என்று கேட்டார். இருவரும் அந்த இருட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு நான் கண்ணை வைத்தேன். மூட்டைகளின் தையல் தெரிந்தது. பாயின் தாடி தெரிந்தது. கூரை உத்தரத்தில் பெருச்சாளிகள் சொந்த வீட்டில் இருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தன. ஒன்றைக் குறிவைத்துச் சுட்டேன், விழுந்தது. மடக்கி ரவை போட்டு அடுத்ததைச் சுட்டேன், அதுவும் விழுந்தது.

“கண்ணாடி இல்ல தம்பி, கைதான் வேலை செய்யுது. பழைய கை திரும்பிருச்சு” என்று பாய் குதூகலித்தார்.

நான் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மங்கல் என்று அவர்கள் தள்ளிவிட்ட பச்சை வெளிச்சம் எனக்கு மத்தியான வெயில். அப்பாவின் நோய் எனக்கு வந்துவிட்டது. இனிச் சோதிக்க ரவையும் இல்லை, வாஷரும் இல்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். இருட்டில் எனக்குத்தான் யாரையும் தெரியாது, நான் அழுதால் மற்றவர்களுக்கெல்லாம் தெரியும்.

பாய் லுஹர் தொழுகைக்குக் கிளம்பினார். நான் கருவியை அணைத்து மூடி போட்டேன், அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். அவர் போன பிறகும் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனமில்லை. மறுபடி சாத்தச் சொன்னேன். மூட்டைக்காரர்கள் அந்த இருட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் அதே கதவைத் தட்டி, சாப்பாட்டுத் தூக்கோடு என் மகள் வந்தாள். நகரத்தில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அன்று லீவு. ஊரைச் சுற்றி ஓடும் வட்டரயிலில் வந்திருந்தாள். மூட்டைக்காரர் தலைவர் அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அவள் சாத்திய கதவை ஒட்டியே நின்று, “அப்பா, மீ இல்லியா?” என்று கேட்டாள். வெயிலிலிருந்து வந்தவள், கண் பழகவேண்டும் என்று நினைத்தேன். வெகுநேரமாகியும் அவள் குரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவள் எப்போதும் அப்படித்தான். பொழுது சாய்ந்தால் தெருவில் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். படிக்கட்டில் காலை நீட்டித் துழாவி இறங்குவாள். வேறு ஊராக இருந்தால் அது உறுத்தியிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் பாதி நாள் தெருவிளக்கே எரியாது. ஊரே தடவித்தான் நடந்தது. மெழுகுவர்த்தி எங்கே, படி எங்கே, யார் காலை மிதித்தது என்று எல்லோரும் கத்துகிற இடத்தில் என் மகள் தடுமாறியது யார் கண்ணில் படும்? அவள் விழுந்த ஒவ்வொரு முறையும் நாங்கள் மின்சார ஆபீஸைத் திட்டினோம். வாய்க்கு வந்தபடி திட்டினோம். அதில் மனசுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

அவள் குரல் வந்த பக்கம் தட்டுத் தடுமாறிப் போனேன். கருவியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எடுத்துப் போயிருந்தேன். அவளும் மங்கலாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். பாய் சொன்ன மாதிரி, இதற்கு என் கண்ணே தேவலை என்று உதட்டைப் பிதுக்கவேண்டும். அது போதும் எனக்கு. எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல், அவள் கையைத் தேடிப் பிடித்து அதில் கருவியை வைத்தேன்.

“இதைப் பாரும்மா. நல்லாவே இல்ல, வெறும் பச்சை” என்றேன்.

மூடியைக் கழற்றி முடுக்கினேன், அது ரீங்கரிக்கத் தொடங்கியது. பிறகு அவள் சிரிப்பு கேட்டது, சின்ன வயதில் திருவிழா பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

“அப்பா, இங்க இத்தன பேரு உக்காந்திருக்காங்களா?”

சுவரோரமாக மூட்டைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே வந்த நேரத்திலிருந்து அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் சோற்றுருண்டையைத் தூக்கிக் காட்டி, சாப்பிட வா என்று கூப்பிட்டார். அவள் அதையும் பார்த்துக் கையசைத்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

“அங்க ஒரு பூன தூங்குது. ஏணி இருக்கு. அப்பா, எவ்ளோ பெரிய எடம் இது. ஒங்க மொகம் கூடத் தெரியுது. ஏம்ப்பா அழுவுறீங்க?”

பேட்டரி தீர்ந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். அவள் கருவியை அணைத்து மூடி போட்டு என்னிடம் கொடுத்தாள்.

“கையக் குடுங்கப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க முன்னால போங்க” என்றாள்.

கையைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் போவது என்று எனக்கும் தெரியவில்லை. மூட்டைக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறக்கும் வரை, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நடக்க ஆரம்பிப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.