மல்லிகைக்குப் பக்கத்தில் கரிவாயு

சூடான கரிவாயுவை வடிகட்டுகிறவன் ஒழுங்காக வேலை பார்த்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. சறுக்கினால் மட்டும் ஊருக்கே தெரியும். வீட்டில் சமைப்பவர்களே, லைன்மேன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வடமதுரைப் பக்கம் ஒரு நூல்மில். அதற்குச் சொந்தமாகக் கரண்ட் தயாரிக்கும் சின்ன பிளாண்ட்டில் எனக்கு வேலை. நிலக்கரியை வாயுவாக்கி, அது ஆறுவதற்குள் தூசியை எடுத்து எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். ஆறவிட்டால் தார் இறங்கி, குழாயெல்லாம் பிசுபிசுத்துப் போகும்.

முதல் மரியாதை

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாளின் மல்லிகைத் தோட்டம். வடிகட்டி சரியாக வேலை செய்யாதபோது வரும் அழுக்கு வாயுவை உயரக் குழாய் வழியாக எரித்துவிடுவோம். ஆரம்பத்திலேயே அந்தப் புகையின் கரி அவள் மொட்டுகளில் படிந்துவிட்டது. இடுப்பில் கைக்குழந்தையும் கையில் பூக்கூடையுமாக வந்து நின்றாள். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை பூவில் கரி விழுந்தால் பிளாண்ட்டையே மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருடைய சோறும் அந்தக் கூடையில்தான் இருந்தது. பாண்டியம்மாள் அதை என் மேசையில் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பூவ உங்க வீட்டம்மா தலையில வச்சுப் பாருங்கண்ணே."

பீங்கான் பிள்ளைகள்

புது வடிகட்டிகள் வந்தன. ஆளுயரப் பீங்கான் குழாய்கள். வாயு புகும், தூசி புகாது. லேசாக இடித்தாலும் விரிசல் விடும். ஃபிட்டர் செல்வம் ஒவ்வொன்றையும் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்தி இறக்கினான். அவற்றைக் கொண்டுவந்தவர் வழக்கமாகச் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றும் லாரி டிரைவர்; செத்த நேரம் வேடிக்கை பார்த்தார். "கல்யாணம் ஆயிருச்சா அப்பு? ஆகலேன்னா இந்தக் கைக்கு நானே பொண்ணு பாக்குறேன்."

டொம்

குழாய்களுக்கு வெளியே சேரும் தூசியை உதிர்க்க, உள்ளிருந்து அடிக்கடி அழுத்தமாக ஊத வேண்டும். அப்போது 'டொம்' என்று ஒரு சத்தம் வரும். கரி அடியோடு நின்றது. ஆனால் குழந்தை ஒவ்வொரு 'டொம்'முக்கும் தூக்கிப்போட்டு அலறியதாம். மறுபடியும் பாண்டியம்மாள். "கரிய நிறுத்திட்டு இடியப் போட்டுட்டீங்களேண்ணே!"

பிறகு அவள் வரவில்லை. கோபம் என்றே நினைத்திருந்தோம்.

சத்தம் நின்றபோது

ஒரு மதியம் குழாய் ஒன்று உடைந்து வாயுவில் தூசி கலந்தது. வழக்கப்படி உயரக் குழாயில் எரிக்க வேண்டும். மறுநாளோ முகூர்த்தம், அந்தப் பக்கம் செடியெல்லாம் மொட்டு. செல்வம் என் முகத்தைப் பார்த்தான். எரிக்கவில்லை. நிலக்கரியையும் காற்றையும் நிறுத்தி, வாயு உண்டாக்கும் அடுப்பை அப்படியே அமுக்கினோம். மில் நின்றது, மேனேஜர் கத்தினார். ஆறவைத்துக் குழாய் மாற்றும்வரை 'டொம்'மும் இல்லை.

மறுநாள் கேட்டில் பாண்டியம்மாள், இடுப்பில் பிள்ளை, கையில் கூடை. ஓடினேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். பூ பாலாக வெளுத்திருந்தது. நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "பூவுக்கென்னண்ணே, நல்லாத்தான் இருக்கு. அந்த டொம்மு சத்தத்த எப்பப் போடுவீங்க? நேத்துலருந்து இவன் கண்ணே மூடல."

மூடுகிற பேச்சை மேனேஜர் அதன்பிறகு எடுக்கவில்லை. வாயுவைச் சுத்தம் பண்ண வந்த நாங்கள் இப்போது சம்பளமில்லாமல் தொட்டிலும் ஆட்டிக்கொண்டிருக்கிறோம்.