இங்கிலாந்து விழுந்த பிற்பகல்

காலை எட்டரைக்கு ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து புறப்பட்டோம். எட்டுக்கே புறப்பட்டிருக்க வேண்டும். என் கணவர் சிவநேசன் முழங்கால்வரை தொங்கும் கம்பளி அங்கியோடு கார் இருக்கையில் நுழைய அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார். பின்னால் அவருடைய கேடயம், என் மடியில் அவருடைய இரும்புத் தொப்பி. ஐம்பது தாண்டிய மனிசன், கிழமை நாட்களில் கணினி வேலை. ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில், பழங்காலப் போர்களை நடித்துக்காட்டும் குழுவொன்றில் சேர்ந்து, ஆங்கிலோ-சாக்சனாக, அதாவது ஆதிகாலத்து ஆங்கிலேயனாக, ஆகிவிடுகிறார். என்னத்தைச் சொல்ல!

பென்ரித் வரை நாற்பது கிலோமீற்றர், எம்4 நெடுஞ்சாலை முழுக்க இவர் சரித்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். ரோமர் போனபிறகு சாக்சன்கள் கடல்தாண்டி வந்து பிரித்தானியாவில் நிலம் பிடித்தார்களாம். சில நூறு வருடம் கழித்து வடக்குக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் அதேபோலப் படகில் வந்து இறங்க, படகு வருகிறது என்று சாக்சன்கள் கதறினார்களாம். அப்படியென்றால் சாக்சன்கள் முதலில் வந்தது எதில், பல்லக்கிலா என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும்" என்றார்.

ஒன்பதரைக்குப் போர்விழா மைதானம். நுழைவு முப்பது டொலர். சாக்சனுக்கு இலவசம், சாக்சனின் பெண்சாதிக்கு இல்லை. ஒக்ரோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் பெரும்படையாக வைக்கிங்குகள், இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு சாக்சன்கள். கொள்ளையடிக்க வந்தவனாக நிற்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

சாக்சன்களின் தலைவர் டேவ், குழாய் திருத்துகிறவர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார்: கேடயங்களை நெருக்கிச் சுவராகப் பிடித்து, கொம்பு ஊதும்வரை நிற்க வேண்டும். இன்று சிவா முதல் வரிசை. உடையாமல் நின்றால் அந்த இடம் அவருக்கே நிரந்தரம். மனிசன் ஏன் இரவு முழுக்கப் புரண்டு படுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

இரண்டு மணிக்குச் சண்டை. மொட்டை வாள் பட்டால் விழுந்து செத்தவராகக் கிடக்க வேண்டும். சுவர் நன்றாகவே நின்றது. நானும் என்னை மறந்து கத்தினேன். அப்போது ஒரு வைக்கிங் சிவாவின் முன்னால் விழுந்தான். இவருடைய கால் அவன் தோளில் பட்டது. உடனே இவர் வாளைக் கீழே போட்டு, குனிந்து, அந்தத் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கேடயமும் கூடவே குனிந்தது. அந்த ஓட்டையால் முழுப்படையும் உள்ளே வந்துவிட்டது. கொம்பு ஊத முன்பே எல்லாச் சாக்சன்களும் புல்லில் கிடந்தார்கள். இங்கிலாந்து போச்சு. நான் தலையில் கை வைத்தேன்.

டேவ் கோபப்படவில்லை. ஏன் குனிந்தாய் என்று கேட்டார். ஆளில் கால் பட்டால் எங்களில் தொட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம் என்று சிவா விளக்கினார். இனிமேல் சண்டையில் செய்யமாட்டேன் என்று சொன்னால் போதும், இடம் உனக்குத்தான் என்றார் டேவ். "ஓமெண்டு சொல்லுங்கோவன்" என்று இவரைக் கிள்ளினேன்.

சிவா வியர்வையைத் துடைத்தார். முடியாது, கால் பட்டால் குனிவேன் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அப்படியென்றால் கடைசி வரிசைதான் என்றார் டேவ்.

கார் தரிப்பிடத்திலேயே தொடங்கிவிட்டேன். ஒரு வருடச் சனிக்கிழமைகள், அந்த நாற்றக் கம்பளி, எல்லாம் ஒரு சொல்லுக்காகப் போச்சே! பாதி வழியில், பிளக்டவுன் தாண்டியபிறகுதான் அவர் கேட்டார்:

"நீரெண்டால் என்ன செய்திருப்பீர்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கேள்வியைப் பார். குனியாமல் நிண்டிருந்தால் உங்களோட ஆர் இந்தக் காரில ஏறியிருப்பினம்?"