ஓட்டக்காரன் படம் போட்ட சப்பாத்து

எண்பதுகளின் நடுவில் வேலணையில் எங்கள் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல்லில் என் இடது கால் போனது. நான் பள்ளிக்கூடத்துக்காக ஓட்டப்போட்டிகளில் ஓடுகிறவன். பொய்க்கால் போட்டால் மறுபடி ஓடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அக்கா என்னை யாழ்ப்பாணத்துக்கு, காலில் போட்டு ஓடச் சப்பாத்து வாங்கக் கூட்டிப்போனாள். பெட்டியில் வெளிநாட்டு ஓட்டக்காரன் ஒருவனின் படம் போட்ட மலிவான சப்பாத்துகள் அப்போது வந்திருந்தன.

கடையில் நெடுநேரம் எங்களை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் விற்பனையாளர் கதிரையில் இருந்தபடியே ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டார்.

"அண்ணை, ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ?" என்று அக்கா கேட்டாள்.

"மண் பட்டு ஊத்தையாகும். எடுக்கிறதெண்டால் எடும்" என்றவர் என் காலைப் பார்த்தார். "இவருக்கு ஏன் இது? இனி எங்கை ஓடப்போறார்?"

அக்கா மறுத்துச் சொல்வாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து காசை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ் மண்டைதீவைத் தாண்டியதும் அக்காவிடம் கேட்டேன்.

"நான் இனி ஓடேலாதெண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம்" என்றாள். "சொல்ல ஏலாமல் போச்சுதடா."

அந்த விற்பனையாளரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால், என்னிடம் உண்மையை முதலில் சொன்னவர் அவர்தான்.