பிரகலாதனின் அரிய இரத்தம்

மீசாலையில் பிரகலாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய இரத்த வகையைத் தெரியாதவர்கள் இல்லை. ஓ நெகற்றிவ். கலியாண வீட்டில் சோறு போடுகிறவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவர் வீட்டு அறையொன்றில் வாடகைக்கு வந்து இறங்கிய அன்று என் இரத்த வகையைக் கேட்டார். பி பொசிற்றிவ் என்றேன்.

"பறவாயில்லை பிள்ளை, கவலைப்படாதை" என்றார்.

அவருக்கு ஒரே மனக்குறை, பக்கத்து வளவு லெனாட்டுக்கும் அதே வகை என்பதுதான். வேலியைத் தள்ளிப் போட்டது யார் என்று இருவருக்கும் சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்கு வேறு. வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத லெனாட்டைப் பார்த்து இரக்கப்படவும் பிரகலாதன் தவறுவதில்லை. இவருக்குக் கனடாவில் தமையன் இருக்கிறார். தமையன் அனுப்பும் அஸ்பிரினைக் காலைத் தேநீரோடு தினமும் விழுங்குவார். எந்த வைத்தியரும் சொல்லவில்லை. கனடா சொன்னால் போதாதா?

மாரி மழையோடு டெங்கு வந்து அவர் மனைவி சுவர்ணாவைப் பிடித்தது. மூக்காலும் பல் முரசாலும் இரத்தம் நிற்காமல் வந்தது. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளை உடனே ஏற்றவேண்டும், ஓ நெகற்றிவ் வகையில் ஆஸ்பத்திரியில் இருப்பில்லை என்றார்கள். பிரகலாதன் சட்டைக் கையை மடித்தபடி இரத்த வங்கிக்குள் நுழைந்தார். பின்னால் நான்.

"மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?" என்று டொக்டர் வித்தியா கேட்டார்.

"கனடா அஸ்பிரின்."

"அப்ப உங்கடை சிறுதட்டுகள் இப்ப உதவாது ஐயா."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? ஓ நெகற்றிவ்!"

"காயம் பட்டால் சிறுதட்டுக்குள்ளை இருக்கிற ஒரு நொதியம் வேலை செய்யவேணும். அதாலை உண்டாகிற பொருள்தான் மற்றச் சிறுதட்டுகளையும் உசுப்பிக் கூப்பிடுறது. அஸ்பிரின் அந்த நொதியத்தை முடக்கிப்போடும்."

"இண்டைக்கு நிப்பாட்டினால் நாளைக்குச் சரிவருமோ?"

"மற்றக் கலங்கள் மாதிரிச் சிறுதட்டுக்குக் கரு இல்லை. புது நொதியம் செய்யத் தெரியாது, சாகுமட்டும் அப்பிடியே சுத்தும். புதுச் சிறுதட்டுகள் வந்து சேர ஒரு கிழமையாவது வேணும். அம்மாவுக்கு அவ்வளவு நேரமில்லை. வேறை ஆரும் இருக்கினமோ?"

இருந்தார். பிரகலாதன் லெனாட்டின் வாசல் படலையடியில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். விஷயத்தை நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"அண்ணை, உங்கடை ரத்தத்துக்கு என்ன வந்தது?" என்றார் லெனாட்.

"மருந்து... நீ குடிக்கிறனியோ?"

"எனக்கு ஆர் அனுப்பிறது?" சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே கேட்டார். "மோட்டச்சைக்கிளிலை பெற்றோல் கிடக்கோ?"

வழியில் பள்ளங்களில் லெனாட் பிரகலாதனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டதை, ஸ்கூட்டியில் பின்னால் போன நான் பார்த்தேன்.

மறுநாள் சுவர்ணாவுக்கு இரத்தம் நின்றது. கண் திறந்து, "இஞ்சாருங்கோ, நீங்களே தந்தனீங்கள்?" என்று கேட்டார்.

பிரகலாதன் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தார்.

"எங்கடை வகைதான்" என்றார்.